இன்னா மருந்து?

ஊர் உலகத்துல யாரு யாரோ எடுத்துப் போடற வீடியோவை எல்லாம் உக்காந்து பாத்து, இது இருக்கலாம், இது இருக்கக் கூடாதுன்னு சொல்றதுதான் எங்க தொழில். சொல்றது எங்க வேலை, அதைக் கேக்கறது யாரு வேலைன்னு நாலு வருஷமா எனக்குத் தெரியல.

கம்பெனி பேரை எழுத மாட்டேன். எழுத மாட்டேன்னு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி வெச்சிருக்காங்க. உங்க செல்லுல அந்த ஆப் இருக்கு, அது போதும். இதைப் படிக்கறதுக்கு முன்னாடி கூட ஒரு தடவை தொறந்து பாத்திருப்பீங்க. நீங்க கட்டை விரலால தள்ளிட்டுப் போறீங்க இல்ல, அந்த வீடியோவை உங்களுக்கு முன்னாடி ஒருத்தி முழுசாப் பாத்திருக்கா. அந்தப் பாவி நான்தான். பேரு சுகுணா. பொறந்தது பண்டசோழநல்லூர், வாக்கப்பட்டது வில்லியனூர். டார்கெட்டு, ஸ்கோரு, ரிவ்யூன்னு எதுலயாவது மாட்டிக்கினு முழிக்கறவங்க இருந்தா பக்கத்துல வந்து உக்காருங்க. ஆறுதல் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. சேந்து பொலம்பலாம்.

மாப்பிள்ளை பொண்ணு இல்லாத மண்டபம்

எங்க ஆபீசு, வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போற வழியில இருக்கற ஒரு பழைய கல்யாண மண்டபம். ஓடாத மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஏசி போட்டு, நாப்பது கம்ப்யூட்டரை இறக்கி, தமிழ் மொழி மையம்னு பேரும் வெச்சிட்டாங்க. பந்தி நடந்த கூடத்துல நாங்க வரிசையா உக்காந்திருப்போம். மணமேடை மேல எங்க டீம் லீடர் ஜெரோம் சார். மேடையில இருந்த அலங்காரத்தை யாரும் கழட்டல, அதனால அவரு தலைக்கு மேல ரெண்டு தெர்மாகோல் அன்னம் மூக்கோட மூக்கு வெச்சினு நிக்கும். அதுக்குக் கீழ உக்காந்துதான் மனுஷன் எங்களைத் திட்டுவாரு.

வேலை இதுதான். மெஷினு மொதல்ல வீடியோவைப் பாத்து ஒரு கலர் குடுக்கும். பச்சைன்னா நல்லது, சிவப்புன்னா கெட்டது. அது சொன்னது சரியான்னு நாங்க பாத்து, ‘விடு’, ‘தூக்கு’, ‘மேல அனுப்பு’ன்னு மூணு பட்டன்ல ஒண்ணை அமுக்கணும். ஒரு வீடியோவுக்கு நாப்பத்தஞ்சி செகண்டு. காலைல எட்டு மணிக்கு உக்காந்தா சாயந்திரம் அஞ்சி மணிக்குள்ள அடிதடி, ஆக்சிடெண்டு, ஆபாசம், நாய்க்குட்டி எல்லாத்தையும் பாத்து முடிச்சிருப்போம்.

ஒருநாள் செலியமேட்டுலேர்ந்து கலியமூர்த்தின்னு ஒருத்தரு, மண்டபம் இன்னும் மண்டபம்தான்னு நெனச்சி, பொண்ணோட மஞ்சள் நீராட்டுக்குத் தேதி கேட்டு வந்துட்டாரு. இது இப்ப ஆபீசுண்ணேன்னு வாசல்ல நின்னு சொல்றேன், நம்பவே மாட்டேங்கறாரு. “மறுபடி மண்டபம் ஆச்சின்னா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்”னு என் செல்லுல அவரு நம்பரைப் போட வெச்சிட்டுத்தான் நகந்தாரு. போறதுக்கு முன்னாடி கண்ணாடிக் கதவு வழியா ஒரு தடவை உள்ள எட்டிப் பாத்தாரு. “இன்னாம்மா, இத்தினி பேரு உக்காந்துனு இருக்கீங்க, ஒருத்தர் மூஞ்சில கூட கல்யாணக் களையே இல்லியே?”

சம்பளம் யாருக்கு

எங்க வூட்டுல இந்த வேலையைப் புரிய வெக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துடுச்சி. கண்ணு எரியுதுன்னு சொன்னா, செல்லு பாத்தா எரியாம இன்னா செய்யும்ன்றாங்க. ராத்திரி சோறு எறங்கலன்னு சொன்னா, சாயந்திரம் எதனா தின்னுட்டு வந்திருப்பேன்றாங்க. லாரி ஏறினவனைப் பாத்துட்டு வந்திருக்கேன்னு எப்படிச் சொல்றது? ஒருநாள் என் மாமியாரு எதுத்த வூட்டு அம்மாகிட்ட ரொம்ப சீரியசா நியாயம் கேட்டுனு இருந்தாங்க. “எம்மருமவ நாள் பூரா செல்லு பாக்கறா, அதுக்கு மாசமானா சம்பளம் தரான். எம்புள்ளயும் நாள் பூராத்தான் பாக்கறான், அவனுக்கு மட்டும் ஏன்டி தர மாட்டேன்றான்?”

கொன்னுட்டடி

நாங்க அமுக்கின பட்டன் சரியான்னு சரி பாக்க வேற ஊர்ல ஒரு ஆடிட் மேடம் இருக்காங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. மெஷினு இங்கிலீஷ்ல மாத்திக் குடுக்கறதைப் படிச்சிட்டு மார்க்கு போடுவாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சி வரணும். மூணு மாசம் அதுக்குக் கீழ போனா வூட்டுக்குப் போயிடணும், பேச்சே கெடையாது.

ஒரு ஆளு, பொண்டாட்டி வெச்ச மீன் கொழம்பை ஒரு வாய் தின்னுட்டு, “கொன்னுட்டடி!”ன்றான். அந்தப் பொண்ணு வெக்கப்பட்டுச் சிரிக்குது. மெஷினு சிவப்பு குடுத்துச்சி: கொலைக் குற்றம். நான் தலையில அடிச்சினு ‘விடு’ அமுக்கினேன். மேடம் எனக்குத் தப்பு போட்டாங்க. இது பாராட்டுங்க, நல்லா சமைச்சிருக்கன்னு அர்த்தம்னு நான் மேல்முறையீடு எழுதறேன், பதில் வருது: பாதிக்கப்பட்ட பெண் கண்ணைத் துடைக்கிறார், கவனிக்கவும். அடப்பாவிங்களா, அது வெங்காயம்!

ஜெரோம் சார் கிட்டப் போயி நின்னேன். அவரு நல்ல மனுஷன், வில்லியனூர்லயே பொறந்து வளந்தவரு, கொழம்புல காரம் தெரிஞ்சவரு. வீடியோவை ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டு, கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. “நீ சொல்றது தமிழ்ல கரெக்ட்டும்மா சுகுணா. ஆனா ஸ்கோரு இங்கிலீஷ்ல வருது.”

கஞ்சா ஏழுமலை

எங்க அண்ணன் ஏழுமலை பண்டசோழநல்லூர்ல நெல்லும் கரும்பும் வெக்கறவன். வயல்ல நின்னு செல்லை வரப்புல சாச்சி வெச்சி, நாத்து இப்படி நடு, தண்ணி இப்படிக் கட்டுன்னு வீடியோ போடுவான். சுத்துப்பட்டு ஊர்ல நாலு பேரு அவனைக் கேட்டுத்தான் உரம் போடறாங்கன்னு அவனுக்கு ஒரு நெனப்பு. அது உண்மையும் கூட. ஒருநாள் முதுகுல ஸ்பிரேயரை மாட்டினு, “காலைலயே மருந்து அடிச்சிட்டேன், நீங்களும் வெயிலுக்கு முன்னாடி அடிச்சிடுங்க, வயசுப் பசங்க கூட அடிக்கலாம், ஒண்ணும் கஷ்டமில்ல”ன்னு ஒண்ணு போட்டான்.

கம்பெனிகிட்ட ஒரு சொல் பட்டியல் இருக்கு. எந்தத் தமிழ் வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு மெஷினு அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணும். அதுல மருந்துன்னா டிரக், வைத்தியத்துக்கும் போதைக்கும் அதே வார்த்தைதான். மருந்து அடிக்கறதுன்னா போதை ஊசி போட்டுக்கறது. பூச்சிக்கு அடிக்கற மருந்து அந்தப் பட்டியல்லயே கெடையாது. பாகூர்லேர்ந்து நெட்டப்பாக்கம் வரைக்கும் வயல்ல நின்னு வீடியோ போட்ட அத்தினி பேரும் ஒரே வாரத்துல போதை ஆசாமி ஆயிட்டானுங்க. அண்ணனோட சேனலையே மூடிட்டாங்க, வயசுப் பசங்களைக் கெடுக்கறான்னு காரணம் வேற. அது என் கண்ணுக்கே வரல, மெஷினே தூக்கிடுச்சி. அண்ணன் நேரா மண்டபத்து வாசலுக்கு வந்துட்டான். கட்டின லுங்கியோட, கால்ல வயல் சேறோட. நான் ஒரு போன் போட்டா சரியாயிடும்னு நெனச்சி வந்திருக்கான். எனக்கு யாருக்குப் போன் போடறதுன்னே தெரியாதுண்ணான்னேன். அவன் மூஞ்சி போன போக்கை இன்னும் மறக்க முடியல. “எந்தங்கச்சி அங்கதான் வேல செய்றான்னு ஊரெல்லாம் பீத்தினு திரிஞ்சேன். இப்ப ஊருக்கே நான் கஞ்சா ஏழுமல. நல்லா இரு தாயீ.”

அன்னிலேர்ந்து அவன் எங்கிட்ட பேசல.

பார்க் பண்ணிடலாம்

அண்ணன் போனப்புறம் எனக்கு ஒரு வெறி வந்துடுச்சி. சொல் பட்டியலைத் திருத்தச் சொல்றதுக்குன்னு ஒரு விண்ணப்பம் இருக்கு. அதை எடுத்து, மருந்து அடிக்கறதுன்னா வயலுக்குப் பூச்சி மருந்து தெளிக்கறதுன்னு எழுதினேன். எழுதும்போதுதான் எனக்கே இன்னொண்ணு ஒறச்சிச்சி. எங்க பக்கம் காய்ச்சலுக்கு மாத்திரை போடுவோம், இருமலுக்கு டானிக்கு குடிப்போம், ஊசி போட்டுக்குவோம். ‘அந்தப் பொண்ணு மருந்து குடிச்சிடுச்சாம்’னு யாரனா சொன்னா, அது இருமலுக்குக் குடிச்சது இல்ல. தெருவே ஓடும். ஆட்டோவைக் கூப்புடும். கம்பெனி பட்டியல்ல மருந்து வாங்கறதுக்கும் குடிக்கறதுக்கும் பச்சை, உடல்நலம்னு. வயலுக்கு அடிச்சா சிவப்பு, வாயில ஊத்தினா பச்சை. இதையும் சேத்து எழுதினேன்.

ரெண்டு மாசம் கழிச்சி பாலிசி மேடம்னு ஒருத்தங்க வீடியோ கால்ல வந்தாங்க. ஜெரோம் சாரும் நானும் மணமேடையில பக்கத்துப் பக்கத்துல உக்காந்து, அன்னத்துக்குக் கீழ, தெரிஞ்ச இங்கிலீஷை எல்லாம் கொட்டினோம். மேடம் பொறுமையாத்தான் கேட்டாங்க. அப்பன்னா மருந்து குடிச்சேன்னு சொல்றவங்க எல்லாருமே சாகப் போறாங்களான்னாங்க. இல்லீங்க மேடம், நோயாளியும் சொல்லலாம், சொல்ற விதத்துல தெரியும், தெரியலன்னா ஒரு வார்த்தை கேக்கணும்னேன். யாரு கேக்கறதுன்னாங்க. ஜெரோம் சாரு என்னைப் பாத்தாரு, நான் அன்னத்தைப் பாத்தேன். மேடம் சிரிச்சாங்க, நல்லாத்தான் சிரிச்சாங்க. “ஓகே, கான்டெக்ஸ்ட் டிபெண்டெண்ட். இப்போதைக்கு இதை பார்க் பண்ணிடலாம்.”

எடத்துக்கு எடம் அர்த்தம் மாறுதாம், அதனால ஓரமா ஒதுக்கி வெச்சிடலாமாம், அதுக்குப் பேருதான் பார்க் பண்றதுன்னு ஜெரோம் சாரு அப்பறம் சொன்னாரு. எங்க மண்டபத்துப் பின்னால ஒரு ஸ்கூட்டர் நிக்குது. கடைசியா நடந்த கல்யாணத்துக்கு வந்த எவரோ பார்க் பண்ணினது. சீட்டுக்குள்ள அணில் குட்டி போட்டிருக்கு. அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விண்ணப்பம் ஞாபகம் வரும். தனலட்சுமிகிட்ட, அதான் என் பக்கத்து சீட்டு, புலம்பினேன். “அதுக்காச்சும் அணிலு வந்துச்சிடி. உன் மருந்துக்கு ஒரு ஈ காக்கா வராது, பாத்துனே இரு.”

மூச்சு வகுப்பு

நாங்க கண்டதையும் பாக்கறோமேன்னு கம்பெனிக்கும் அக்கறை இருக்கு, இல்லன்னு சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இருவது நிமிஷம் மனசை லேசாக்கற வகுப்பு. ஸ்கிரீன்ல ஒரு தம்பி வந்து, கண்ணை மூடுங்க, மூச்சை இழுங்க, அருவியை நெனச்சிக்குங்கன்னுவாரு. எங்க ஊர்ல அருவி ஏது, நான் பாகூர் ஏரி மதகை நெனச்சிக்குவேன். தனலட்சுமி அன்னிக்குக் காலைல ஒரு கொழந்த வீடியோ பாத்திருந்தா. என்னன்னு எழுத மாட்டேன். கண்ணை மூடினவ அழ ஆரம்பிச்சிட்டா, பாவம், நிறுத்தவே முடியல.

திங்கக்கிழமை ஆளாளுக்கு ஒரு மெயிலு. வெள்ளிக்கிழமை இருவது நிமிஷம் மவுசு அசையல, காரணம் என்னன்னு கேட்டு. தனலட்சுமி அதை பிரிண்ட் எடுத்துனு மேடையேறிப் போனா. “சார், மூச்சு வுட்ட நேரத்தை எல்லாம் வேல செய்யலன்னு போட்டுக்கறாங்க. இனிமே வுடாம இருக்கட்டுமா?”

செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி

டீ குடிச்சிட்டு வந்து உக்காந்தேன். பச்சை வரிசை. பச்சைன்னா பொதுவா கோலம், சமையல், கொழந்த பொறந்த நாளு. மூணு வீடியோ தள்ளினேன். நாலாவதா ஒரு பொண்ணு. என் வயசுதான் இருக்கும். வூட்டு வாசல்ல உக்காந்திருக்கா. தலை வாரி, பூ வெச்சி, நல்ல பொடவை கட்டியிருக்கா. சிரிக்கறா. “எல்லாரும் நல்லா இருங்க. புள்ளைய அம்மா வூட்டுல வுட்டுட்டு வந்துட்டேன். மருந்து வாங்கி வெச்சிட்டேன். இனிமே எனக்கு ஒரு நோவும் இல்ல.” அவ்வளவுதான். போட்டு இருவது நிமிஷம் ஆயிருக்கு. மெஷினு எழுதியிருந்துச்சி: உடல்நலம், மகிழ்ச்சியான முகம்.

 ‘மேல அனுப்பு’ அமுக்கி, உயிருக்கு ஆபத்து, அவசரம்னு எழுதினேன். எழுதிட்டு ஸ்கிரீனையே பாத்துனு இருக்கேன். ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்துடுச்சி. மருந்து வாங்கினது குறித்த பதிவு, விதிமீறல் இல்லை, முடிக்கப்பட்டது. எனக்கு ஒரு தப்பு வேற போட்டிருந்தாங்க. மறுபடி அனுப்பினேன், முடிஞ்ச கேஸை அனுப்ப முடியாதுன்னு வந்துச்சி. ஜெரோம் சாரு அன்னிக்கு லீவு. வீடியோ போட்டவங்க யாரு, எந்த ஊருன்னு நாங்க தேடவே கூடாது, அதுக்கும் கையெழுத்து போட்டிருக்கேன். ஏற்கெனவே ரெண்டு மாசம் ஸ்கோரு கீழ. இது மூணாவது மாசம்.

ஆனா அவ தலைக்குப் பின்னால ஒரு தண்ணி டேங்க் தெரியுது. பாதி வரைக்கும் ரோஸ் பெயிண்டு, மேல வெறும் சிமெண்டு. பாகூர் பஸ்சுல போகும்போதெல்லாம் நான் பாத்து சிரிக்கற டேங்க். செலியமேடு. எழுந்தேன். உள்ள வரும்போதே எங்க செல்லை எல்லாம் வாங்கிப் பூட்டி வெக்கற லாக்கரோட சாவியை வாட்ச்மேன்கிட்டேர்ந்து புடுங்கி, என் செல்லை எடுத்து, கலியமூர்த்தி அண்ணனுக்குப் போட்டேன். மண்டபம் கெடச்சிடுச்சான்னு எடுத்தவொடனே கேக்கறாரு. இல்லண்ணேன்னு சொல்லி, டேங்கு, பொடவைக் கலரு, அம்மா வூட்டுல வுட்ட புள்ள, மருந்துன்னு கோர்வை இல்லாம கொட்டினேன். மருந்துன்னதும் வேற எதையும் அவரு கேக்கல. எனக்கு வெளக்கவும் வேண்டியிருக்கல. ரெண்டு மாசம் காத்திருந்து நான் இங்கிலீஷ்ல வெளக்கினது அந்த மனுஷனுக்கு ஒரு நொடியில புரிஞ்சிடுச்சி. மூச்சு வாங்கற சத்தம் கேட்டுச்சி, செருப்பு சத்தம் கேட்டுச்சி. “யம்மா, போன வையி. ஓடினு இருக்கேன்.”

ஆரஞ்சு

காப்பாத்திட்டாங்க. குடிச்சிருந்தா, ஆனா கொஞ்ச நேரம்தான் ஆயிருந்துச்சி. கலியமூர்த்தி அண்ணனும் பக்கத்து வூட்டுக்காரரும் பைக்குல நடுவுல உக்கார வெச்சி பாகூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. ஏன் குடிச்சான்னு நான் எழுத மாட்டேன். அது அவ சமாச்சாரம், அவ பேரும் அப்படித்தான். அந்த வாரம் ஞாயித்துக்கிழமை ஆரஞ்சு வாங்கினு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில்ல சுருண்டு படுத்திருந்தா. அவங்க அம்மா என்னை யாருன்னே தெரியாம கையைப் புடிச்சினு அழுவுது. நான் இன்னாருன்னு சொன்னேன், உன் வீடியோவைப் பாத்தவன்னு சொன்னேன்.

ஆரஞ்சையே உருட்டினு இருந்தா. கோவமா இருப்பாளோன்னு எனக்கு பயம். மெதுவா, என் மூஞ்சியைப் பாக்காமத்தான் பேசினா. “நூத்தி பன்னண்டு பேரு லைக் போட்டாங்கக்கா. ஹார்ட்டு கூட வுட்டாங்க. இன்னா மருந்துன்னு ஒருத்தரு கேக்கலக்கா.”

பஸ்சுல வரும்போது டேங்கைத் தாண்டினப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி நல்லா அழுதேன். அவ சொன்னதையேதான் நான் பாலிசி மேடம்கிட்ட சொன்னேன். யாரு கேக்கறதுன்னாங்களே. “எறங்கற எடம் எதும்மா? வில்லியனூர் தாண்டி ரெண்டு ஸ்டாப் ஆச்சி, அழுதுனே வரியே”ன்னாரு கண்டக்டரு.

டேங்க் ஆப்

செவ்வாய்க்கிழமை நான் சீட்டை வுட்டு எழுந்தது, லாக்கரைத் தொறந்தது, பன்னண்டு நிமிஷம் மவுசு அசையாதது எல்லாம் மெஷினுக்குத் தெரியும். அதெல்லாம் அதுக்கு நல்லாத் தெரியும். ரகசியப் பாதுகாப்பு பிரிவுன்னு ஒரு மேடம் கால்ல வந்தாங்க. ஜெரோம் சார் பக்கத்துல உக்காந்து மொழிபெயர்த்தாரு. அந்தப் பொண்ணு எப்படி இருக்கான்னு கேப்பாங்கன்னு நான் பதில் கூட தயார் பண்ணி வெச்சிருந்தேன். கேக்கல. யூசர் எங்க இருக்காங்கன்னு எப்படிக் கண்டுபுடிச்சன்னாங்க. டேங்க் தெரிஞ்சிதுன்னேன். டேங்குன்னா என்னன்னாங்க. தண்ணி டேங்குங்க, ரோஸ் கலருன்னு ஜெரோம் சாரு அவரு பங்குக்குச் சொன்னாரு. மேடம் வெகுநேரம் டைப் அடிச்சாங்க. அப்பறம் அறிக்கை வந்துச்சி: ஊழியர் ‘டேங்க்’ என்னும் அனுமதிக்கப்படாத செயலியைப் பயன்படுத்தி யூசரின் இருப்பிடத்தை அறிந்துள்ளார்.

எனக்கு சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சி. மேடம் கடைசியா ஒண்ணு கேட்டாங்க. ஜெரோம் சாரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிட்டுத்தான் அதைத் தமிழ்ல சொன்னாரு. “அந்த டேங்க் ஆப்பை உன் செல்லுலேர்ந்து அழிச்சிட்டியான்னு கேக்கறாங்கம்மா.”

பட்டியல் திருந்திடுச்சி

மூணாவது மாச ஸ்கோரு தொண்ணூத்தொண்ணு. இந்த மாசக் கடைசியோட நான் வரவேணாம். ஜெரோம் சாரு மேல ரெண்டு மெயிலு போட்டாரு, தெரியும். பதில் வரல, அதுவும் தெரியும். ஆனா ஒரு அதிசயம், என் விண்ணப்பத்தை எவரோ தொறந்திருக்காங்க. மருந்துக்குப் புது அர்த்தம் ஏத்திட்டாங்கன்னு தனலட்சுமி கத்தினா. நாங்க ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சினு குதிச்சோம், அதுக்கும் மவுசு அசையலன்னு மெயிலு வந்துச்சி. முந்தா நாளு அண்ணன் புது சேனல் தொறந்திருக்கான்னு கேள்விப்பட்டு வெக்கத்தை வுட்டு நானே போன் பண்ணேன், பட்டியல் மாறிடுச்சிண்ணா, இனிமே தைரியமா போடுன்னு.

எடுத்தான். ஆறு மாசம் கழிச்சி அவன் கொரலைக் கேக்கறேன். அவன் அதுக்குள்ளயே போட்டுப் பாத்துட்டானாம். கரும்புக்கு மருந்து அடிக்கற வீடியோ. போட்ட மறு நிமிஷம் வீடியோ மேல கறுப்புத் திரை, அதுல ரெண்டு கை ஒண்ணையொண்ணு புடிச்சினு இருக்கற படம், ‘நீங்கள் தனியாக இல்லை, எங்களிடம் பேசுங்கள்’னு எழுத்து. அவன் பொண்டாட்டி அதைப் பாத்துட்டு பயந்து போயி ஸ்பிரேயரைத் தூக்கி மாமனார் வூட்டுல வெச்சிட்டாளாம். இந்தத் தடவை மருந்துன்னு யாரு எதுக்கு சொன்னாலும் சாகப் போறவங்கதான், பட்டியல்ல அவ்வளவுதான் மாத்தியிருக்காங்க. அண்ணன் கோவப்படல. அதான் எனக்குத் தாங்கல. ரொம்ப அசந்து போயித்தான் கேட்டான். “போன தடவ போத ஆசாமின்னாங்க, இந்தத் தடவ சாகப் போறவன்றாங்க. நான் எப்பம்மா சுகுணா வெவசாயி ஆவேன்?”

இன்னும் எட்டு நாளுல நான் எழுந்து போகப்போற இந்த சீட்டுல, உலகத்தையே உள்ளங்கையில காட்டற அந்த மெஷின்ல, விடு, தூக்கு, மேல அனுப்புன்னு மூணு பட்டன் இருக்கு, ‘இன்னா மருந்து?’ன்னு கேக்கறதுக்குத்தான் ஒண்ணு இல்ல.